பரணிலிருந்து இறங்கிய ஏர் கன்

போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் பரண் இறக்குவது வழக்கம். எழுபது வயதுக்கு மேல் ஏணி ஏறக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அதனால் இந்த முறை லீவுக்கு வந்திருந்த பேரன் ஏறினான். ஓட்டை முறம், கைப்பிடி இல்லாத பித்தளை அண்டா, நான் வேலையிலிருந்தபோது போட்ட காக்கி உடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. கடைசியாக, கோணிச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்ட ஒரு நீள மூட்டை வந்தது. அவிழ்த்துப் பார்த்தவன் கண் அகல நின்றான்.

"தாத்தா, இது ஏர் ரைஃபிள்தானே! உன்னுதா?"

"எங்க மாமாவோடது."

திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழலின் மேல் இரண்டு இடத்தில் பட்டை தேய்ந்து பளபளவென்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். "இங்கே ஏதோ மாட்டியிருந்திருக்கே. ஸ்கோப்பா? இப்பவும் மாட்டலாமா?"

அவன் கேட்டது ஒரு வரிக் கேள்வி. ஆம், இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு துப்பாக்கியின் சரித்திரமும், ஐம்பது வருடமாக நான் யாரிடமும் விரிவாகச் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கின்றன. அவனிடம் இரண்டு நாள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். செஞ்சிக்காரனுக்குத் துப்பாக்கி என்றால் கோட்டைதான் நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதிலைப் பார்த்தால், அதில் கையகலத் துளைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சின்ன வயதில் அது காற்றுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். அவை துப்பாக்கித் துளைகள். உள்ளே நிற்பவன் குழலை அதில் சாய்த்துக்கொண்டு கீழே வருபவனைக் குறி பார்க்கலாம். கீழிருப்பவனுக்கு அவன் தெரியமாட்டான். துப்பாக்கிக்குத் தாங்கியும் பார்வைத் துளையும் மதிலோடு சேர்ந்தே கட்டப்பட்டுவிட்டன என்று சொல்லலாம்.

1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார்கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டார். ஏழெட்டு வருடம் பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கிய இடம் இது. 1750 செப்டம்பரில் ஒரே இரவில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் கதவை வெடி வைத்துப் பிளந்து கோட்டையைப் பிடித்தார்கள். 1761-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து நம் செஞ்சி ஒன்றுதான் இடம் பெற்றது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அந்தத் துப்பாக்கிகள் எல்லாம் மருந்துத் துப்பாக்கிகள். மருந்து நனைந்தால் தீர்ந்தது கதை. திரி அணைந்தாலும் அப்படியே. சுட்டால் புகை, சத்தம், வெளிச்சம். சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். இந்தத் தொல்லைகள் இல்லாமல் வெறும் காற்றாலேயே சுட முடியாதா என்ற யோசனை ஐரோப்பாவில் எப்போதோ வந்துவிட்டது. சுமார் 1580-ல் செய்த, துருத்தி வைத்த காற்றுத் துப்பாக்கி ஒன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நம் தேசிங்கு ராஜன் குதிரையில் ஏறிப் போருக்குப் போன 1714-க்கு நூற்றுமுப்பது வருடம் முந்தியது அது.

1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவத்துக்கு ஜிராண்டோனி என்பவர் காற்றுத் துப்பாக்கி செய்து கொடுத்தார். அதில் பின்கட்டைக்குப் பதிலாக இரும்புக் குடுவை. அதுதான் காற்று அடைக்கும் தொட்டி. கழற்றி மாட்டலாம். சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றால் ஏறக்குறைய 1,500 தடவை அடித்தால்தான் குடுவை நிறையும். ஆனால் நிறைந்துவிட்டால் இருபது குண்டு வரை வரிசையாகச் சுடலாம். மருந்துத் துப்பாக்கிக்காரன் ஒரு குண்டு இடித்து முடிப்பதற்குள் இவன் ஏழெட்டு சுட்டுவிடுவான். 1804-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கண்டறியக் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கூடவே எடுத்துப் போய், வழியில் சந்தித்த பூர்வகுடி மக்களுக்குச் சுட்டுக் காட்டி அசத்தினார்கள். குடுவை கசியும், பம்ப் பழுதாகும், பழுது பார்க்க ஆள் கிடைக்காது. அதனால் ராணுவத்தில் அது நிலைக்கவில்லை.

நம் தலைமுறைக்குத் தெரிந்த ஏர் கன் வேறு வகை. குழலைக் கீழே மடித்தால் உள்ளே சுருள் கம்பி அழுந்தி நிற்கும். விசையை இழுத்தால் சுருள் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். நெருங்கிய காற்று ஈயக் குண்டைத் தள்ளும். இதில் காற்று முன்கூட்டி அடைத்து வைக்கப்படுவதில்லை, அந்த நொடியில்தான் பிறக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் இந்த வகை வந்தது. டெய்சி என்ற பிரபல கம்பெனி முதலில் காற்றாலை செய்து விற்றது. காற்றாலை வாங்கும் விவசாயிக்கு இனாமாக ஒரு ஏர் கன் கொடுத்தார்கள். சீக்கிரமே காற்றாலையைவிட இனாமுக்கு மவுசு கூடி, காற்றாலையை விட்டுவிட்டுத் துப்பாக்கியே செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைத்ததை 1905 வாக்கில் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்தது. நம் ஊரில் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள். அந்த எழுத்துகளுக்கு விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது துப்பாக்கிக் கம்பெனி என்று சொன்னபோது பேரன் நம்பவில்லை. சைக்கிள் அவர்களுக்குப் பின்னால் வந்த தொழில்.

ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் 1890-ல் தொடங்கிய கம்பெனியின் சரக்குதான் டயானா. ரோமானியரின் வேட்டைத் தெய்வம் டயானா, கையிலிருந்த வில்லைக் கீழே போட்டுவிட்டு ஏர் கன்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பாள். அதுதான் அவர்கள் முத்திரை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பிரிட்டன் நஷ்ட ஈடாக எடுத்துப்போய், ஸ்காட்லாந்தில் அதே டயானா பெயரில் துப்பாக்கி செய்தது கொஞ்ச காலம். நம் நாட்டில் சிமென்ட் குழாய்க்குப் பேர்போன இந்தியன் ஹியூம் பைப் கம்பெனியும் ஏர் ரைஃபிள் செய்து விற்றது.

சட்டம் என்ன சொன்னது என்பதையும் பார்த்துவிடலாம். 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியன் கையில் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் இருக்கக்கூடாது என்றது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் வந்த சட்டம் 1962-லிருந்து நடைமுறைக்கு வந்தது. ஏர் கன்னுக்கு அப்போது ஒரு வேடிக்கையான பரீட்சை வைத்தார்கள். 12 அங்குலச் சதுரம், 1 அங்குலத் தடிப்பு, கணு இல்லாத பைன் மரப்பலகை ஒன்றை ஆடாமல் நிறுத்தி, 5 அடி தூரத்திலிருந்து சுட வேண்டும். குண்டு பலகையைத் துளைத்து மறுபக்கம் வராவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. நான் ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டிப் பலகையை வைத்து இந்தப் பரீட்சையை எங்கள் மாமா துப்பாக்கிக்கும் நடத்தினேன். குண்டு பாதிப் பலகையில் நின்றுவிட்டது. பாஸ்!

மாமா அந்தத் துப்பாக்கியை வாங்கியது வேட்டைக்கு அல்ல. மலையடிவாரத்தில் அவருக்கு இரண்டரை ஏக்கர் மல்லாட்டை நிலம். விதை போட்ட அன்று காக்கை, காய் பிடித்தால் குரங்கு. நம் கோட்டைக் குரங்குகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகர டப்பா தட்டினால் நின்று வேடிக்கை பார்க்கும். உண்டிக்கோலுக்கும் பழகிவிட்டன. 1968-ல் மாமா சென்னை போய் ஏர் கன்னோடு திரும்பினார். குரங்கைச் சுடமாட்டார், அனுமார் ஆயிற்றே. பக்கத்துப் பாறையில் சுடுவார். 'ணங்' என்ற சத்தத்துக்கே கூட்டம் ஓடிவிடும். குழலை மடிக்கும்போது ஒரு 'டக்' வரும். கொஞ்ச நாளில் அந்த 'டக்'குக்கே ஓட ஆரம்பித்தன.

அந்தக் காலத்தில் செஞ்சி வாரச்சந்தைக்கு நரிக்குறவர்கள் வருவார்கள். தோளில் அவர்கள் நாட்டுத் துப்பாக்கி. குழல் வழியே மருந்திட்டு இடிக்கும் வகை. பழுது பார்ப்பதெல்லாம் அவர்களே. பிளந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் நெருக்கிச் சுற்றி, கம்பியின் முனை வெளியே தெரியாமல் உள்ளே சொருகிவிடுவார் ஒரு பெரியவர். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கைவேலையில் பைத்தியம் பிடித்தது. மாமா துப்பாக்கியின் கட்டை கழுத்துப் பக்கம் விரிசல் விட்டபோது நான் சுற்றிய கம்பி இன்றும் அசையவில்லை. அந்த மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 ஜனவரி வரை ஆயிற்று. என் வாத்தியாருக்கு அது கிடைக்கவில்லை.

கட்டையில் தொடங்கிய கை அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றாக மாற்றினேன்.

முதலில் வாஷர். பிஸ்டன் தலையில் தோல் வாஷர் இருக்கும். காய்ந்து சுருங்கினால் காற்று பக்கவாட்டில் கசிந்து குண்டு சோம்பலாகப் போகும். செருப்புத் தைப்பவரிடம் தடித்த தோல் வாங்கி, வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊற வைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணம் மாதிரி ஆக்கிப் போட்டேன். வீட்டில் இருந்தது மல்லாட்டை எண்ணெய். தாராளமாகவே ஊற்றிவிட்டேன். முதல் குண்டு சுட்டதும் 'படார்' என்று நிஜத் துப்பாக்கிச் சத்தம், குழல் வாயில் நீலப் புகை, கொல்லை முழுக்க வடை சுட்ட வாசனை. காற்றைச் சட்டென்று நெருக்கினால் சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் ஓடுவதும் இதே விதியில்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நாலு நாளில் சுருள் கம்பி முறிந்தது. இந்த மாதிரித் துப்பாக்கிக்கு ஓரிரு சொட்டுக்கு மேல் எண்ணெய் எதிரி என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது வார். பழைய பெல்ட்டை அறுத்துத் தோளில் மாட்ட வசதி செய்தேன். அதற்கடுத்து பின்கட்டை. எனக்குக் கை நீளம். ஒன்றரை அங்குலத்துக்கு வேங்கைத் துண்டு ஒட்டி நீட்டினேன். இது உண்மையிலேயே நல்ல மாற்றம். கட்டை உடம்புக்குப் பொருந்தினால் பாதிக் குறி தானாக வரும்.

கடைசியாக வந்ததுதான் ஸ்கோப்.

1974. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடை ஒன்றில், தூசிக்கு நடுவே ஒரு துப்பாக்கித் தொலைநோக்கி. அந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தே போயிற்று. நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், உள்ளே சிலுவைக் கோடு. உதவித்தொகையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கொடுத்து வாங்கினேன். இரும்புப் பட்டையை வளைத்துக் கவ்வி செய்து குழல் மேல் பொருத்தினேன். பத்துக் குண்டுக்குள் ஸ்கோப் பின்னால் நகர்ந்து என் புருவத்தில் இடித்தது. ஏன் நகர்கிறது என்று புரிய நாளாயிற்று.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மருந்துத் துப்பாக்கி ஒரே பக்கம்தான் உதைக்கும், பின்னால். சுருள் ஏர் கன் இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னே எகிறும். இந்த முன்னெகிறலில் ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதாவது கவ்வியை விட்டுப் பின்னால் சறுக்கும். மருந்துத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்பின் உள்கண்ணாடிகள் இந்தப் பக்க உதையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. சிலுவைக் கோடே அறுந்துபோகும். அதற்காகத்தான் ஏர் கன்னுக்கென்று தனி ஸ்கோப், பின்னால் நகராமல் தடுக்க ஒரு முளை என்றெல்லாம் இன்று விற்கிறார்கள். நான் குழலின் மேல் பட்டையில் ஒரு சின்னக் குழி போட்டு முளை வைத்தேன். நகர்வது நின்றது. பேரன் கண்டுபிடித்த அந்தப் பளபளப்பு இதன் மிச்சம்தான்.

இன்னொரு சங்கடம் இருந்தது. கவ்வி தாழ்வாக இருந்ததால் ஸ்கோப்பின் முன்வாய் குழலை மடிக்கும்போது இடித்தது. கவ்வியை உயர்த்தினேன். இப்போது பார்வைக்கோடு குழலுக்கு இரண்டு அங்குலம் மேலே. வேலை சுத்தமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கடையில் வாங்கியதா என்று கேட்டார்கள்.

அந்த இரண்டு அங்குலத்தில்தான் வினை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா நிலத்தின் ஓரத்தில், இடுப்பளவு பாறை ஒன்றின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். முப்பது கெஜத்தில் ஒரு ஹார்லிக்ஸ் மூடி. மாமா மகன், அப்போது பத்து வயது, முன்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு பட்டதா இல்லையா என்று சொல்லவேண்டிய வேலையில் இருந்தான். ஸ்கோப்பில் மூடி பளிச்சென்று தெரிந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. சுட்டேன். 'ணங்' என்ற சத்தம் என் முகத்துக்கு நேரே கேட்டது. அடுத்த கணம் அவன் அலறல்.

என்ன நடந்ததென்றால், என் கண் இரண்டு அங்குலம் மேலே இருந்தது. கண்ணுக்குப் பாறை தெரியவில்லை. குழல் கீழே இருந்தது. குழலுக்கு முன்னால் பாறையின் விளிம்பு இருந்தது. குண்டு அதில் பட்டுச் சிதறியது. நம் ஊர்க் கருங்கல் குண்டை வாங்கிக்கொள்ளாது, திருப்பித்தான் அனுப்பும். ஈயச் சிதறலோ கல் சில்லோ அவன் வலது கண்ணுக்குக் கீழே, ஒரு விரல்கடைத் தூரத்தில் கிழித்துவிட்டது. வெறும் கண்ணால் குறிமுள்ளைப் பார்த்துச் சுட்டிருந்தால் பாறை விளிம்பு எனக்குத் தெரிந்திருக்கும். மாமா அந்தத் துப்பாக்கியை வாங்கிய நிலையில் அப்படியே விட்டிருந்தால் அது நடந்தேயிருக்காது.

மாமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பிறகு புதுச்சேரிக்கு பஸ்ஸில். நான் பின் சீட்டில். வழி முழுக்க யாரும் பேசவில்லை. கண் தப்பியது என்று டாக்டர் சொன்னபோது மாமா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.

வீட்டுக்கு வந்ததும் அவரே ஸ்பேனர் எடுத்து ஸ்கோப்பைக் கழற்றினார். உள்ளே சிலுவைக் கோடு அறுந்து தொங்கியது. துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார். குரங்குக்கு மறுபடி தகர டப்பா. அவர் காலமான பிறகு அத்தை அந்த மூட்டையை என்னிடம் கொடுத்தார். "நீ சரிபண்ண பொருள், நீயே வச்சிக்கோ" என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் அவிழ்க்கவே இல்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது பேரன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அப்போ ஒலிம்பிக்ஸ்ல எப்படி தாத்தா? அவங்க ஸ்கோப் வெச்சுதானே சுடுவாங்க?" என்றான்.

அங்கேதான் அவனுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தொலைநோக்கிக்கு இடமே இல்லை. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி எதுவும் துப்பாக்கியில் இருக்கக்கூடாது. பின்னால் ஒரு வட்டில் ஊசித்துளை, முன்னால் ஒரு வளையம். துளை வழியே வளையத்தையும், வளையத்துக்குள் இலக்கையும் ஒரே மையத்தில் நிறுத்த வேண்டும். இலக்கு முழுவதும் 45.5 மில்லிமீட்டர்தான். அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கு உரியது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி, பேனா முனை வைத்த அளவு. துப்பாக்கி 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கன்னத்துக்கட்டை, எடைக் கட்டிகள் என்று மாட்டுவது எல்லாம் உடம்புக்குப் பொருந்துவதற்காகத்தான். குண்டின் வேகத்தைக் கூட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. அந்தத் துப்பாக்கிகளின் சக்தி சுமார் 8 ஜூல்தான்.

சிறு பொருத்தம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அபினவ் பிந்த்ரா சாட்சி. 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன், ஒத்திகைக் குண்டு சுட்டால் அது நாலு மதிப்பெண் வட்டத்தில் போய் விழுந்தது. அவருடைய பார்வைக் கருவி எப்படியோ இடம் மாறியிருந்தது. பதறாமல் திருகித் திருத்தி, கடைசிக் குண்டில் 10.8 வாங்கி, மொத்தம் 700.5-ல் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். 2012 லண்டனில் இதே போட்டியில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் சென்னையில் பிறந்தவர். அவருடைய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்தான் இளவேனில் வாலறிவன். 1999-ல் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2019-ல் ரியோ உலகக் கோப்பையிலும், சீனாவின் புட்டியனில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம் வென்றார். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரியும் வரை கடலூரும் செஞ்சியும் ஒரே தென்னாற்காடு. ஆகவே நம் பெண் என்று நான் உரிமை கொண்டாடுவதில் தப்பில்லை.

சட்டமும் இப்போது மாறிவிட்டது. பலகைப் பரீட்சைக்குப் பதில் 2016 விதிகளில் கணக்கு வந்துவிட்டது. குழல் வாயில் 20 ஜூலுக்கு மேல் சக்தியோ, 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளையோ இருந்தால் லைசென்ஸ் வேண்டும். 20 ஜூல் என்பது ஒரு கிலோ படிக்கல்லை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் அடி. 'விளையாட்டுச் சாமான்' என்று நாம் சொல்வதன் எல்லை அது. சுருளை மாற்றி வேகத்தைக் கூட்டுவது இப்போது சட்டத்தோடும் விளையாடுவது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு ஏர் கன்னோடு பறவை அடிக்கப் போவதும் அப்படித்தான். மல்லாட்டையைத் தின்ன வரும் மயில் தேசியப் பறவை. விவசாயி படும் பாடு தெரிந்தவன்தான் நான். ஆனாலும் அதற்கு இது வழியில்லை.

பேரனுக்குக் கற்றுக்கொடுப்பதா, மறுபடி பரணில் போடுவதா என்று எனக்குக் குழப்பம். அந்த முடிவை எடுக்க எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. மாட்டுப் பொங்கல் அன்று பேரனைக் கூட்டிக்கொண்டு மாமா மகன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. கண்ணுக்குக் கீழே அந்த வடு, வயதின் சுருக்கத்தோடு சேர்ந்து இப்போது ஒரு கோடாகத்தான் தெரிகிறது. மூட்டையை அவன் முன்னால் வைத்தேன்.

அவிழ்த்தான். கட்டையில் பித்தளைக் கம்பி சுற்றிய இடத்தைத் தடவிப் பார்த்தான். "இன்னும் கெட்டியாத்தான் இருக்கு மச்சான்" என்றான்.

"பையன் கத்துக்கணும்னு ஆசைப்படறான். வேணாம்னா வேணாம். நீதான் சொல்லணும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை, பேரனைப் பார்த்தான். "கல்லுக்கு முன்னாடி வச்சு சுடாத தம்பி. மண்ணுக்கு முன்னாடி வச்சு சுடு. பக்கத்துல யாரையும் உக்கார வைக்காத." அவ்வளவுதான். பிறகு கரும்பு வெட்டிக் கொடுத்தான். நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்து, "அந்தக் கண்ணாடி என்ன ஆச்சு?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "நல்லா தெரியும் அதுல. நீ ஒரு வாட்டி எனக்குக் காட்டின. ராஜகிரி மேல இருக்கிற மண்டபத்துத் தூணைக்கூட எண்ணினேன்" என்றான். ஐம்பது வருடமாக அவனுக்கு அந்த ஸ்கோப்பைப் பற்றி ஞாபகம் இருந்தது அதுதான்.

இப்போது கொல்லையில், சுவரிலிருந்து தள்ளி, மணல் மூட்டைகளை நெஞ்சுயரத்துக்கு அடுக்கியிருக்கிறோம். அதன் முன்னால் அட்டை. பத்து மீட்டர் அளந்து கோடு போட்டாயிற்று. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் வரக்கூடாது என்பது சட்டம். புதுத் தோல் வாஷர் போட்டேன், எண்ணெய் ஒரே சொட்டு. ஸ்கோப் இல்லை. பழைய பித்தளைத் தகட்டில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டுப் பின்பார்வை செய்தேன், குழலை ஒட்டி, தாழ்வாக. கை கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் துளை நேராகவே விழுந்தது.

முதல் நாள் பேரன் சுட்ட பத்துக் குண்டில் நாலு அட்டையிலேயே படவில்லை. "ஸ்கோப் இருந்தா நல்லா இருக்கும்ல தாத்தா" என்றான். "முதல்ல குழல் முன்னாடி என்ன இருக்குன்னு பாரு" என்றேன். பார்த்துவிட்டுத்தான் அடுத்த குண்டைப் போட்டான்.

மேல்மலையனூர் மாசித் தேருக்கு இன்னும் சில வாரங்கள்தான். பலூன் சுடும் கடை இந்த வருடமும் வரும். அந்தக் கடைத் துப்பாக்கிகளில் சிலவற்றுக்குக் குழலே வளைந்திருக்கும். மடித்த நிலையில் யாராவது விசையை இழுத்துவிட்டால் குழல் எகிறி மேல்நோக்கி வளைந்துவிடும். அதனால்தான் நாம் சின்ன வயதில் எத்தனை குறி பார்த்தும் பலூன் உடையவில்லை, நம் மேல் தப்பில்லை! பேரனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பலூனுக்கு ஒரு விரல்கடை கீழே குறி வைத்துப் பார்க்கிறேன் என்கிறான். உங்கள் ஊர்த் திருவிழாவில் இந்தக் கடை இன்னும் வருகிறதா? அந்தக் காலத்தில் ஒரு சுடுக்கு என்ன காசு கொடுத்தீர்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.